சோறு குழைந்து, குழைந்து கஞ்சியாகும்போது
உணவுக்குழாய், இரைப்பைப் புற்றுநோய்களை நேரத்தில் அறிதல்

புறநோயாளர் பிரிவில் எங்கள் முன் அமரும் ஒருவரிடம், "சாப்பாடு ஒழுங்காக இறங்குகிறதா?" என்று கேட்டால், பெரும்பாலும் "இறங்குகிறது, டாக்டர்" என்னும் விடையே கிடைக்கும். உடன் வந்திருக்கும் மனைவியிடமோ மகளிடமோ அதே கேள்வியைச் சற்று மாற்றிக் கேட்போம்: "ஆறு மாதத்திற்கு முன்பு இவர் என்ன சாப்பிட்டார்? இப்போது என்ன சாப்பிடுகிறார்?"

அப்போதுதான் செய்தி முழுமையாக வெளிவரும். முதலில் சப்பாத்தியும் பரோட்டாவும் வேண்டாம் என்றார். பிறகு தோசையின் முறுகிய ஓரங்களைத் தட்டிலேயே ஒதுக்கினார். இட்லியைச் சாம்பாரில் ஊறவைத்துத்தான் உண்டார். அதன்பின் குழைந்த ரசஞ்சோறு. இப்போது இரண்டு வேளையும் கஞ்சி; அதற்கும் நடுநடுவே ஒரு மிடறு தண்ணீர்.

அவர் எங்களிடம் பொய் சொல்லவில்லை. தமக்கு இறங்கக்கூடிய உணவை மட்டுமே அவர் உண்கிறார்; ஆகவே உண்பது இறங்குகிறது. விழுங்குவதில் இருந்த இடையூறு, உணவை மாற்றிக்கொண்டதால் மறைந்துபோயிற்று. உணவுக்குழாய்ப் புற்றுநோய் காலம் கடந்து கண்டறியப்படுவதற்கு இந்த மெல்லிய, தெரியாத சமாளிப்பு ஒரு முக்கியமான காரணம். இதனை முதலில் காணக்கூடியவர் மருத்துவர் அல்லர். வீட்டில் உணவு பரிமாறுபவரே. எனவே இக்கட்டுரையை நோயாளிகளுக்கு மட்டுமன்றி, அவர்களுக்குச் சோறிடும் கைகளுக்கும் சேர்த்தே எழுதுகின்றோம்.

உறுப்புகளின் அமைப்பு

உணவுக்குழாய் ஏறத்தாழ 25 செ.மீ. நீளமுள்ள தசைக்குழாய். தொண்டைக்குக் கீழே தொடங்கி, மூச்சுக்குழாய்க்குப் பின்புறமாக, முதுகெலும்பை ஒட்டி இறங்கி, உதரவிதானத்தைக் கடந்து இரைப்பையில் சேர்கிறது. அதன் சுவர் நெகிழ்வுடையது. ஒரு கவளம் இறங்கும்போது விரிந்து, கடந்ததும் சுருங்கும். இந்த நெகிழ்வு ஒரு நன்மை. நோய்க்காலத்தில் அதுவே ஒரு மறைப்பு. உட்சுவரில் சிறு கட்டி தோன்றினாலும் மறுபக்கம் விரிந்து உணவுக்கு வழிவிடுகிறது. குழாயின் உள்வழி கணிசமாகக் குறுகிய பின்னரே திட உணவு சிக்கத் தொடங்கும். ஆகவே "கொஞ்சம்தான் சிக்குகிறது" என்பதைச் சிறிய செய்தியாக நாங்கள் கொள்வதில்லை. மேலும், வயிற்றுறுப்புகள் பலவற்றைப் போர்த்தியிருக்கும் வெளியுறை உணவுக்குழாய்க்கு இல்லை. அதனால் நோய் அருகிலுள்ள பகுதிகளுக்கும் நிணநீர்க் கணுக்களுக்கும் எளிதில் பரவிவிடுகிறது.

இரைப்பை ஒரு பை. அதில் இடம் அதிகம். கட்டி வளர்ந்தாலும் உணவு சுற்றிக்கொண்டு போய்விடும். எனவே இரைப்பைப் புற்றுநோய் தொடக்கத்தில் எதையும் அடைப்பதில்லை. சிறிது உண்டதுமே வயிறு நிறைந்ததுபோன்ற உணர்வு, மேல்வயிற்றில் மந்தம், பசியின்மை, காரணமறியாத சோர்வு என மங்கலான அறிகுறிகளாகவே வெளிப்படுகிறது. இரைப்பையின் கீழ்வாயில் கட்டி அமைந்தால் மட்டும், காலையில் உண்டது மாலையில் செரிக்காமல் வாந்தியாக வரும்.

உணவுக்குழாய்ப் புற்றுநோய் இருவகைப்படும். மேற்பகுதியிலும் நடுப்பகுதியிலும் மிகுதியாகத் தோன்றும் தட்டை உயிரணு வகை ஒன்று. புகையிலையும் மதுவும் இதற்கு முதன்மைக் காரணங்கள். கீழ்முனையில் தோன்றும் சுரப்பி உயிரணு வகை மற்றொன்று. நெடுநாள் அமில எதுக்களிப்பும் உடற்பருமனும் இதனோடு தொடர்புடையவை. நம் நாட்டில் முதல்வகையே மிகுதி. இரைப்பையில் தோன்றுவன பெரும்பாலும் சுரப்பி உயிரணு வகையே.

யாருக்கு வாய்ப்பு மிகுதி?

சென்னையில் 1982 முதல் புற்றுநோய்ப் பதிவேடு தொடர்ந்து பேணப்பட்டு வருகிறது. ஆண்களிடம் மிகுதியாகக் காணப்படும் புற்றுநோய்களுள் ஒன்றாக இரைப்பைப் புற்றுநோய் அதில் நெடுங்காலமாக இடம்பெற்று வந்துள்ளது. இந்திய அளவில் வடகிழக்கே மிசோரமில் இந்நோய் மிக அதிகம். ஆகவே இது எங்கோ பிற நாட்டில் உள்ள நோய் அன்று. நம் தெருவில் உள்ள நோய்.

பீடி, சிகரெட் மட்டுமன்றி, வெற்றிலையோடு மெல்லும் புகையிலையும் பாக்கும் உணவுக்குழாயைப் புண்படுத்துகின்றன. மதுவும் புகையும் சேரும்போது தீங்கு இரண்டின் கூட்டுத்தொகையாக நிற்பதில்லை, அதைவிடப் பெருகுகிறது. 65 டிகிரி செல்சியசுக்கு மேற்பட்ட சூட்டில் பானங்களைத் தொடர்ந்து பருகுவது உணவுக்குழாய்ப் புற்றுநோயைத் தோற்றுவிக்கக்கூடும் என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2016-இல் வகைப்படுத்தியது. காப்பியையோ தேநீரையோ விட்டுவிட வேண்டியதில்லை. சற்று ஆறவிட்டுப் பருகினால் போதும். சிறுவயதில் தவறுதலாகவோ வேறு சூழலிலோ அமிலமோ காரமோ விழுங்கி உணவுக்குழாய் வெந்தவர்கள், பல ஆண்டுகள் கடந்த பின்னும் கவனத்துடன் இருத்தல் வேண்டும்.

இரைப்பையைப் பொறுத்தவரை முதன்மையான காரணம் ஹெலிக்கோபாக்டர் பைலோரி என்னும் நுண்ணுயிரி. அமிலம் நிறைந்த இரைப்பையில் எந்த நுண்ணுயிரியும் வாழாது என்றே மருத்துவ உலகம் நெடுங்காலம் நம்பியிருந்தது. ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் ராபின் வாரன், பாரி மார்ஷல் ஆகிய இருவரும் 1980-களின் தொடக்கத்தில் அந்நம்பிக்கையைத் தகர்த்தனர். பிறர் ஏற்காத நிலையில், 1984-இல் மார்ஷல் அந்த நுண்ணுயிரிகள் அடங்கிய கரைசலைத் தாமே குடித்து, தம் இரைப்பை அழற்சியுற்றதை மெய்ப்பித்தார். 1994-இல் இது புற்றுநோய்க் காரணியென அறிவிக்கப்பட்டது. 2005-இல் இருவருக்கும் நோபல் பரிசு வழங்கப்பட்டது.

இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்லுதல் வேண்டும். இந்த நுண்ணுயிரி நம்மில் மிகப் பலருடைய இரைப்பையில் இருக்கிறது. அவர்களுள் மிகச் சிலருக்கே புற்றுநோய் வருகிறது. அழற்சி, சளிப்படலத் தேய்வு, உயிரணு மாற்றம் எனப் படிப்படியாக, பல பத்தாண்டுகளில் நடைபெறும் மாற்றம் அது. இரைப்பைப் புற்றுநோய் கண்டவரின் பெற்றோர், உடன்பிறந்தார், பிள்ளைகள் ஆகியோர் இந்த நுண்ணுயிரிக்கான சோதனையைச் செய்துகொள்வது நலம். இருப்பது உறுதியானால் 10 முதல் 14 நாட்களுக்கு மருந்துகள் தரப்படும். மருந்து முடிந்து குறைந்தது நான்கு வாரங்கள் கழித்து, அது முற்றிலும் அகன்றதா என்று மீண்டும் சோதித்தல் வேண்டும். உப்பில் ஊறிய உணவுகளைக் குறைத்தலும் புகையை விடுதலும் இரைப்பைக்கும் நன்மை பயக்கும்.

புற்றுநோய் தொற்றுநோய் அன்று. நோயாளியின் தட்டையும் தம்ளரையும் தனியே வைக்கும் வீடுகளை நாங்கள் கண்டிருக்கிறோம். அவருக்கு அது நோயைவிடப் பெரிய வலி. அவ்வாறு செய்ய வேண்டியதில்லை.

"வெறும் வாயுத் தொல்லைதான்"

மேல்வயிற்று வலியும் நெஞ்செரிச்சலும் ஏப்பமும் பெரும்பாலோருக்குப் புற்றுநோயால் வருவன அல்ல. இதை முதலில் மனத்தில் கொள்ளுங்கள். ஆயினும் "வாயு", "அல்சர்" என்னும் இரண்டு சொற்களுக்குள் எல்லாவற்றையும் அடக்கிவிடும் வழக்கம் நம்மிடம் உள்ளது. மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் அமிலக் குறைப்பு மாத்திரை மாதக்கணக்கில் தொடர்கிறது. இதிலுள்ள சிக்கலை அறிந்துகொள்ளுங்கள். அம்மாத்திரை சாதாரணப் புண்ணின் வலியை மட்டும் தணிப்பதில்லை. புற்றுப்புண்ணின் வலியையும் சில காலம் தணிக்கும். புண்ணின் மேற்பரப்பு ஆறியதுபோலத் தோன்றவும் கூடும். "மாத்திரை போட்டால் சரியாகிவிடுகிறது, ஆகவே பயமில்லை" என்னும் முடிவு இதனால்தான் தவறாகிறது. மாத்திரை தீயது என்று நாங்கள் சொல்லவில்லை. காரணம் அறியாமல் தொடர்வதே தீங்கு.

இரத்தசோகையும் இவ்வாறே. நடுவயதைக் கடந்த ஓர் ஆணுக்கோ, மாதவிடாய் நின்ற பெண்ணுக்கோ இரும்புச்சத்துக் குறைவால் இரத்தசோகை ஏற்பட்டால், இரும்பு மாத்திரை தருவதோடு நில்லாமல், இரத்தம் எங்கே கசிகிறது என்று தேடுதல் வேண்டும். கசியும் இடம் இரைப்பையாக இருக்கலாம்.

தள்ளிப்போடக் கூடாத அறிகுறிகள்

கீழ்க்காணும் அறிகுறிகளுள் ஒன்று இருந்தாலும் மருத்துவரைக் காணுங்கள்.

1. திட உணவு நெஞ்சில் நிற்பதுபோன்ற உணர்வு. நாளடைவில் மெல்லிய உணவும் இறங்கத் தயங்குதல்.

2. முயலாமலே எடை குறைதல். 60 கிலோ எடையுள்ளவர் ஆறு மாதம் முதல் ஓராண்டுக்குள் 3 கிலோ இழந்தாலே அது கவனிக்கத்தக்கது. இடுப்புப்பட்டையில் புதுத்துளை இட நேர்ந்ததும், சட்டை தளர்ந்ததும்கூட அளவுகோல்களே.

3. வழக்கத்தில் பாதி உண்பதற்குள் வயிறு நிறைந்துவிடுதல், தொடர்ந்த வாந்தி.

4. தார்போல் கருத்து, பிசுபிசுத்து, நாற்றத்துடன் கழியும் மலம். இரும்பு மாத்திரையாலும் மலம் கருக்கும். ஐயம் இருப்பின் மருத்துவரிடம் கேட்டறிக.

5. ஐம்பதை நெருங்கியவருக்கும் கடந்தவருக்கும் புதிதாகத் தோன்றி, சில வாரங்களாகியும் தீராத செரிமானக் கோளாறு.

6. விழுங்கும்போது வலி, காரணமின்றிக் குரல் கம்முதல், தண்ணீர் குடித்தாலே புரையேறுதல்.

இரத்த வாந்தி எடுத்தாலோ, எச்சிலைக்கூட விழுங்க இயலாமற் போனாலோ மறுநாள் வரை காத்திராமல் உடனே அவசரச் சிகிச்சைப் பிரிவுக்கு வரவேண்டும்.

இவ்வறிகுறிகள் இருந்தாலே புற்றுநோய் என்று பொருளன்று. அமிலத்தால் ஏற்பட்ட தழும்புக் குறுக்கம், உணவுக்குழாயின் கீழ்வாய் தளராத நிலை, சாதாரண இரைப்பைப் புண் ஆகியவையும் இவற்றைத் தோற்றுவிக்கும். எது என்று பார்த்தால்தான் தெரியும். பார்ப்பதற்கு எளிய வழி உண்டு.

எண்டோஸ்கோப்பி: அச்சமும் உண்மையும்

"குழாய் விடுவார்களாம்" என்னும் அச்சத்தால் பல மாதங்களை இழந்தவர்கள் உண்டு. அச்சோதனையில் நடப்பது இதுவே. ஆறு முதல் எட்டு மணி நேரம் வெறும் வயிற்றுடன் வரவேண்டும். தொண்டையில் மரத்துப்போகும் மருந்து தெளிக்கப்படும்; தேவையானால் அயர்வூட்டும் ஊசியும் போடப்படும். சுண்டுவிரல் பருமனுள்ள, வளையக்கூடிய குழாய் வாய்வழியே செல்லும். அதன் நுனியில் ஒளியும் படக்கருவியும் உள்ளன. மூச்சுவிடும் வழி வேறு. ஆகவே மூச்சு அடைபடாது. குமட்டல் இருக்கும், சில நிமிடங்களில் சோதனை முடிந்துவிடும். இரத்தம் உறையாதிருக்க மருந்து உட்கொள்பவர்களும், நீரிழிவுக்கு இன்சுலின் போடுபவர்களும் அதை முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும். தாமாக எந்த மருந்தையும் நிறுத்தக்கூடாது.

ஐயத்திற்குரிய இடத்திலிருந்து சிறு துணுக்குகளாகத் திசு எடுக்கப்படும். எடுக்கும்போது வலி தெரிவதில்லை. "சதையை எடுத்துச் சோதித்தால் நோய் பரவிவிடும்" என்று உறவினர் எவரேனும் சொல்வர். இவ்வச்சம் தேவையற்றது. திசுச் சோதனை இல்லாமல் நோயை உறுதிசெய்ய இயலாது. உறுதிசெய்யாமல் சிகிச்சையைத் தொடங்கவும் இயலாது.

உறுதியான பின்

நோய் சுவரில் எவ்வளவு ஆழம் சென்றுள்ளது, நிணநீர்க் கணுக்களை அடைந்துள்ளதா, கல்லீரல், நுரையீரல் போன்ற உறுப்புகளுக்குப் பரவியுள்ளதா என்னும் மூன்று கேள்விகளுக்கு விடை காண்பதே நிலையறிதல். இதற்கு சி.டி. ஸ்கேன் முதலான சோதனைகள் செய்யப்படும். இச்சோதனைகளுக்குச் செல்லும் நாட்கள் வீணாவன அல்ல. தவறான சிகிச்சையிலிருந்து அவை காக்கின்றன.

மேற்படலத்தோடு நின்றிருக்கும் தொடக்கநிலை நோயைச் சிலருக்கு எண்டோஸ்கோப்பி வழியாகவே அகற்றிவிட முடியும். மார்பையோ வயிற்றையோ திறக்க வேண்டியதில்லை. சற்று முன்னேறிய நிலையில், உணவுக்குழாய் நோய்க்கு வேதிமருந்தும் கதிர்வீச்சும் தந்து கட்டியைச் சுருக்கியபின் அறுவைச் சிகிச்சை செய்வது வழக்கம். இரைப்பை நோயில் அறுவைக்கு முன்னும் பின்னும் வேதிமருந்து தரப்படுகிறது. "உடனே வெட்டி எடுக்காமல் ஏன் காலம் தாழ்த்துகிறீர்கள்?" என்று குடும்பத்தார் கேட்பது இயல்பு. முதலில் தரப்படும் மருந்தும் சிகிச்சையே. அது காத்திருப்பு அன்று.

வியன்னாவில் தியோடர் பில்ராத் என்னும் அறுவை மருத்துவர் 1881-இல் புற்றுநோயுற்ற இரைப்பையின் ஒரு பகுதியை வெற்றிகரமாக அகற்றினார். அன்று முதல் அறுவை முறைகள் பெரிதும் வளர்ந்துள்ளன. இரைப்பை முழுவதையும் அகற்றிய பின்னும் மனிதர் உண்டு வாழ்கின்றனர். ஆனால் மூன்று வேளை என்பது ஆறு சிறு வேளைகளாக வேண்டும். பி12 ஊட்டச்சத்து ஊசியை வாழ்நாள் முழுதும் விடாது போட்டுக்கொள்ள வேண்டும். உணவுக்குழாய் அறுவை செய்துகொண்டவர்கள் உண்டவுடன் படுக்கலாகாது. இரவில் தலைப்புறத்தை உயர்த்திப் படுத்தல் வேண்டும்.

நோய் பரவிவிட்ட நிலையிலும் செய்வதற்கு ஒன்றுமில்லை என்பது உண்மையன்று. அடைபட்ட குழாயில் ஸ்டென்ட் பொருத்தி உணவுக்கு வழி ஏற்படுத்தலாம். வேதிமருந்தால் நோயைச் சில காலம் கட்டுக்குள் வைக்கலாம். வலியை நன்கு தணிக்கலாம். குணப்படுத்த இயலாத நிலையும் உண்டு என்பதை நாங்கள் மறைப்பதில்லை. அந்நிலையிலும் கவனிப்பு நிற்பதில்லை.

சிகிச்சைக் காலம் முழுவதும் எடையைக் காப்பது மருந்துக்கு நிகரானது. முட்டை, பால், தயிர், பருப்பு, கேழ்வரகுக் கூழ், மசித்த மீன் என விழுங்கக்கூடிய வடிவில் புரதம் சேரவேண்டும். நீர்த்த கஞ்சி வயிற்றை நிரப்பும், உடலைத் தாங்காது. வாய்வழி போதவில்லையெனில் உணவூட்டும் குழாய் பொருத்தப் பரிந்துரைப்போம். அது தோல்வியின் அடையாளம் அன்று. சிகிச்சையைத் தாங்கும் வலுவைத் தருவது. செலவு குறித்த கவலையிருப்பின், முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் குறித்து மருத்துவமனையின் காப்பீட்டு உதவிப் பிரிவில் தொடக்கத்திலேயே கேட்டறியுங்கள்.

"அவரிடம் சொல்லாதீர்கள், டாக்டர்"

முடிவு வந்தவுடன் மகனோ மருமகனோ எங்கள் அறைக்குத் தனியே வந்து இதைக் கேட்பது வழக்கம். அன்பினால் கேட்கிறார்கள் என்பதை அறிவோம். ஆயினும், காரணம் தெரியாத ஒருவர் முடி உதிர்வதையும் வாந்தியையும் எவ்வாறு தாங்குவார்? சிகிச்சையைப் பாதியில் நிறுத்துபவர்களுள், ஏன் செய்கிறோம் என்று அறியாதவர்களும் உள்ளனர். எல்லாவற்றையும் ஒரே நாளில் சொல்ல வேண்டியதில்லை. அவர் எவ்வளவு அறிய விரும்புகிறார் என்று கேட்டு, அந்த அளவுக்குச் சொல்லலாம். சொல்லும்போது நாங்களும் உடனிருப்போம்.

நம் வீட்டிலிருந்தே தொடக்கம்

இரைப்பைப் புற்றுநோய் மிகுந்த ஜப்பானிலும் தென்கொரியாவிலும் அறிகுறி இல்லாதவர்களையும் அழைத்துச் சோதிக்கும் தேசியத் திட்டங்கள் நடைபெறுகின்றன. அங்கே நோயைத் தொடக்கத்திலேயே காண்பது அதனால் பெருகியது. நம் நாட்டின் அரசுத் திட்டம் வாய், மார்பகம், கருப்பைவாய் ஆகிய மூன்று புற்றுநோய்களுக்கே சோதனை செய்கிறது. உணவுக்குழாய்க்கும் இரைப்பைக்கும் அத்தகைய அழைப்பு எவரிடமிருந்தும் வராது. அறிகுறியைக் கண்டு நாமே செல்ல வேண்டும்.

எனவே, பரிமாறுபவர்களுக்கு எங்கள் வேண்டுகோள் இது. வீட்டில் ஒருவர் உணவின் வகையை மாற்றிக்கொண்டே வந்தால், எப்போதிருந்து, எதிலிருந்து எதற்கு மாறினார் என்று ஒரு தாளில் குறித்துவையுங்கள். இரண்டு வாரத்திற்கு ஒருமுறை எடையைப் பார்த்து அருகே எழுதுங்கள். உட்கொள்ளும் மாத்திரைகளின் பெயர்களையும், அவை எத்தனை நாளாகத் தொடர்கின்றன என்பதையும் சேருங்கள். அத்தாளுடன் நோயாளியை அழைத்து வாருங்கள். "இறங்குகிறது, டாக்டர்" என்று அவர் சொல்லும்போது, அதை எங்கள் மேசைமீது வையுங்கள். அவர் சொல்லாமல் விட்டதை அது எங்களுக்குச் சொல்லும்.